நாற்பத்தேழாம் எண் ஆண் ஆமை

மூக்காண்டிக் குளத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வலை இழுப்பார்கள். கரைக்கு வந்த வலையிலிருந்து மீனைத் தரம் பிரிப்பது பெண்களின் வேலை. கெண்டை ஒரு கூடை, ஜிலேபி ஒரு கூடை, விரால் மட்டும் உயிரோடு வாளித் தண்ணீரில். மீனோடு சிக்கி வரும் காராமைகளை எடுத்துத் திரும்பக் குளத்தில் விடுவதற்கு எல்லோரும் ஆவுடைத்தாயைத்தான் கூப்பிடுவார்கள். ஆமையைத் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சிலருக்குப் பயம். கடித்தால் விரல் போய்விடும் என்று சிலருக்குப் பயம். ஆவுடைத்தாய்க்கு இரண்டும் கிடையாது. பின்னங்காலுக்குச் சற்று முன்னால் இரு கையாலும் ஓட்டைப் பிடித்துத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு வருவாள். வீசி எறிய மாட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. எட்டாவது வரை படித்தவள். கணவன் பெயர் கடற்கரை. குற்றாலத்து லாட்ஜுகளின் துணியை வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் லோடு ஆட்டோ ஓட்டினான். ஒரே மகள் அபர்ணா. வீடு குளத்தங்கரைக்குக் கீழே. குளிப்பது, துவைப்பது எல்லாம் குளத்தில். குடிப்பதற்குக் கரையை ஒட்டிய அடிபம்பு. அருவியில் விழுந்து சிற்றாற்றில் ஓடி, தென்காசிக்கு மேற்கே ஒரு வாய்க்காலில் பிரிந்து வரும் தண்ணீர்தான் அந்தக் குளத்தில் சேரும். சீசன் காலத்தில் மற்ற ஊர்க் குளங்கள் வறண்டு கிடக்கும்போதும் இது தளும்பிக்கொண்டிருக்கும். அதில் ஊருக்குப் பெருமை உண்டு.

2021 ஆகஸ்டில் முஹ்ஸினா வந்தாள். கடையநல்லூர்க்காரி. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆமைகளைப் பிடித்து அளந்து ரத்தம் எடுத்துத் திரும்ப விடுவதற்கு வனத்துறையிடம் அனுமதிக் கடிதம் வைத்திருந்தாள். ஆமை பிடிக்கத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று குளத்து மீனை ஏலம் எடுத்த குத்தகைக்காரரிடம் கேட்டபோது, கரையில் இருந்த அத்தனை பேரும் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

“அக்கா, எந்தப் பக்கம் புடிச்சா கடிக்காது?” என்று கேட்டாள் முஹ்ஸினா.

“எந்தப் பக்கம் புடிச்சாலும் கடிக்கப் பாக்கும். பின்னால புடிச்சா எட்டாது, அம்புட்டுதான்.”

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. கோழிக்குடலை இரையாக வைத்து வலைக்கூடுகளை மாலையில் தண்ணீர் ஓரத்தில் இறக்குவார்கள். விடிந்ததும் எடுப்பார்கள். ஆமையின் நீளம், அகலம், எடை, வாலின் நீளம் எல்லாவற்றையும் ஆவுடைத்தாய் நோட்டில் எழுதுவாள். பிறகு அரத்தால் ராவி ஓட்டின் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுக் காடிகள் போடுவார்கள். எந்தத் தகட்டில் எத்தனை காடி என்பதை வைத்து அந்த ஆமைக்கு ஒரு எண். கடைசியாகக் கழுத்து நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம். முதல் மாதம் முஹ்ஸினா ஊசி போட, ஆவுடைத்தாய் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆறாம் மாதத்தில் ஊசி ஆவுடைத்தாயின் கைக்கு வந்துவிட்டது. முஹ்ஸினா இரண்டு மூன்று முறை குத்துவாள், இவள் ஒரே தடவையில் எடுத்துவிடுவாள்.

மூக்காண்டிக் குளம் மட்டுமல்ல, மலையடிவாரத்தில் ஒரு தோப்புக்குள் இருந்த சிறு குளத்திலும் இதே வேலை நடந்தது. அதற்கு மேலே லாட்ஜோ கடையோ வயலோ கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள் முஹ்ஸினா.

“எதுக்கு மேடம் ஆமை? மீனுன்னா லேசால்லா இருக்கும்?” என்று ஒருநாள் ஆவுடைத்தாய் கேட்டாள்.

“மீன வளந்ததும் புடிச்சுத் தின்னுருதோம். கொக்கு வேற குளத்துக்குப் போயிரும். இது முப்பது வருசமானாலும் இதே சகதியிலதான் கெடக்கும். நத்தை, பாசி, செத்த மீனு, எல்லாத்தையும் திங்கும். சகதியில சேருதது எல்லாம் இது உடம்புலயும் சேரும். தண்ணிய மட்டும் எடுத்துப் பாத்தா இன்னிக்கு என்ன ஓடுதுன்னுதான் தெரியும்க்கா.”

இரண்டாம் வருஷம் வித்தியாசத்தை முதலில் கண்டது ஆவுடைத்தாய்தான். ஆண் காராமைக்கு வயிற்று ஓடு குழிந்திருக்கும், வால் தடித்து நீண்டிருக்கும். பெண்ணுக்கு வயிறு சமமாக, வால் குட்டையாக. பெரிய, வயதான ஆமைகளை அவள் பார்த்த மாத்திரத்தில் ஆண், பெண் என்று சொல்லிவிடுவாள். மூக்காண்டிக் குளத்தின் இளவட்ட ஆமைகளிடம் மட்டும் தடுமாறினாள்.

“இதப் பொட்டைன்னு எழுதவா, ஆணுன்னு எழுதவா? வால் ரெண்டுங்கெட்டானா இருக்கு. தோப்புக் குளத்துல இந்த வயசு ஆமைக்கெல்லாம் நல்லாத் தெரியுது. இங்கன மட்டும் ஏன் இப்பிடி?”

முஹ்ஸினா அந்தச் சந்தேகத்தை விடவில்லை. தனியாக அனுமதி வாங்கி, அப்படித் தடுமாற வைத்த பன்னிரண்டு ஆமைகளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனாள். கால்நடை மருத்துவர் ஒருவர் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்த்தார். வெளியே பார்த்தால் பெண் என்றே எழுதத் தோன்றும் அந்தப் பன்னிரண்டில் ஏழு உள்ளே ஆண். நாற்பத்தேழாம் எண்ணும் அந்த ஏழில் ஒன்று. பன்னிரண்டையும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று முஹ்ஸினா குளத்துக்கு வந்து, வேலை எதுவும் தொடங்காமல் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஆவுடைத்தாய்க்கு அவள் சொன்னது இவ்வளவு: பெண் ஆமை முட்டை வைக்கிற காலத்தில் மஞ்சள் கருவுக்கான ஒரு புரதம் அதன் ரத்தத்தில் ஓடும். ஆணின் ரத்தத்தில் அது ஓட வேண்டிய அவசியமே இல்லை. பெண் ஹார்மோனோ, அதைப்போல நடிக்கிற வேறு ஏதாவது ரசாயனமோ உடம்புக்குள் போனால் மட்டும்தான் ஆணின் உடம்பும் அதை உண்டாக்கும். தோப்புக் குளத்து ஆண்களிடம் அது இல்லை. மூக்காண்டிக் குளத்து ஆண் ஆமைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இருக்கிறது.

“எங்கருந்து வருது?”

“நெறைய எடத்துலேர்ந்து வரும்க்கா. லாட்ஜு சாக்கடை, வயல் மருந்து. ஆனா வாய்க்கால் சகதிய நூறு நூறு அடிக்கு எடுத்துப் பாத்தேன். சலவைக்கூடத்துத் தண்ணி வாய்க்கால்ல விழுத எடத்துக்குக் கீழதான் ரொம்ப ஜாஸ்தி. ஒருவகை சோப்பு மருந்து மக்கும்போது அந்த ரசாயனமாத்தான் மாறும்.”

சீசன் நாட்களில் குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பவர்கள், லாட்ஜுக்குத் திரும்பி அந்த உடம்போடு துண்டிலும் மெத்தை விரிப்பிலும் புரளுவார்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு சாதாரண சோப்புக்குப் போகாது. அதற்கென்று சலவைக்கூடத்துக்கு நீல நிற டிரம்களில் ஒரு சோப்பு மருந்து வரும். அந்த டிரம்களை இறக்கி வைப்பவன் கடற்கரை. ஆவுடைத்தாய் அன்று வீட்டுக்குப் போய் அவனிடம் எதையும் சொல்லவில்லை. கட்டுரை வெளிவரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முஹ்ஸினா கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் வாய் திறக்காததற்கு அது மட்டும் காரணமில்லை.

2023 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, அபர்ணாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளை மூன்றாம் வகுப்பு. பின்பக்கம் பாவாடையில் ரத்தம். எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள் ஆவுடைத்தாய். தலைமையாசிரியை அறைக்குள் அபர்ணா ஒரு ஸ்டூலில், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, “நான் ஒண்ணும் செய்யலம்மா” என்று அழுதுகொண்டிருந்தாள். எட்டு வயது ஏழு மாதம்.

கடற்கரையின் அக்கா கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே வந்துவிட்டாள்.

“சீக்கிரமா வந்தா என்ன? நல்ல காரியந்தான. பதினாறாம் நாள் சடங்கு வச்சிருவோம்.”

“மதினி, அதுக்கு இன்னும் பால்பல்லே முழுசா விழல. என்ன சடங்கு?”

“ஊருல என்ன சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். எம்பிள்ளைய மணையில உக்கார வைக்க மாட்டேன்.”

அந்தப் பேச்சு சண்டையாகி, அக்கா சாப்பிடாமல் எழுந்து போனாள். கடற்கரை வாசலில் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக சலவைக்கூட முதலாளி கைலாசம் தன் காரையே அனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல. கடற்கரையின் அப்பா இறந்தபோது சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தவர். டாக்டர் அபர்ணாவின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பின் வயது பதினொன்றரை என்றார். இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் வளர்ச்சி நின்றுவிடும், குள்ளமாகவே தங்கிவிடுவாள். மாதம் ஒரு ஊசி போட்டு இதைத் தள்ளிவைக்கலாம். பதினொரு வயது வரை போட வேண்டும்.

“எதுனால டாக்டர் வந்துச்சு?”

“பொம்பளப் பிள்ளைகள்ல முக்காவாசிக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாதும்மா.”

மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் குளத்துக்குப் போனாள். முஹ்ஸினா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“எம்பிள்ள பொறந்ததுலேர்ந்து இதுலதான் குளிக்கா. ஆமைக்கு ஆனதுதான் அவளுக்கும் ஆயிருக்கா?”

முஹ்ஸினா தராசைக் கீழே வைத்தாள்.

“ஆமைக்கு என்னால சொல்ல முடியும்க்கா. அபர்ணாவுக்கு சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஒரு பிள்ளைய வச்சு எதையும் சொல்ல முடியாது.”

“அப்ப எத்தன பிள்ள வேணும்?”

முஹ்ஸினா குப்பிப் பெட்டியைத் திறந்தாள். அன்று ரத்தம் எடுத்த குப்பிகளில் எண் எழுதும்போது இரண்டில் மாறிப்போய், இரண்டையும் கொட்ட வேண்டியதாயிற்று.

ஆவுடைத்தாய் மகளைக் குளத்துக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினாள். குடிக்கக் கேன் தண்ணீர் வந்தது. பிறகு கடற்கரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த மனுசன் காரு குடுத்துருக்காரு நம்ம பிள்ளைக்கு. அவரப் போயி சொல்லுத?”

“அவர நான் சொல்லல. அந்த டிரம்முல இருக்கதச் சொல்லுதேன்.”

“ரெண்டும் ஒண்ணுதாண்டி.”

ஏப்ரலில் அவள் கலெக்டர் அலுவலக மனுநாளில் ஒரு மனு கொடுத்தாள். எழுதிக் கொடுத்தது வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவர். முஹ்ஸினாவின் பெயரை அதில் போடவில்லை. மே மாதம் அதிகாரிகள் வந்து சலவைக்கூடத்தின் கழிவுநீரை எடுத்துப்போனார்கள். அவர்கள் வருவது இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்ததால் அன்று டிரம் மருந்து போடாமல் வெறும் தண்ணீரில் அலசினார்கள் என்று கடற்கரையே பிறகு சொன்னான். அப்படியில்லாவிட்டாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது. அமிலத்தன்மை, உப்பு, எண்ணெய், மிதக்கும் அழுக்கு ஆகியவற்றைத்தான் சோதித்திருந்தார்கள். ஆமையின் ரத்தத்தை மாற்றிய பொருள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ‘கழிவுநீர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது’ என்று ஜூன் மாதம் தபால் வந்தது.

அப்போது சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் அறை கிடைக்காமல் ஜனங்கள் காரிலேயே தூங்கினார்கள். கடற்கரையின் ஆட்டோ ஒரு நாளைக்கு ஒன்பது நடை அடித்தது. வாய்க்காலில் நுரை திட்டுத் திட்டாக மிதந்து வந்து குளத்து ஆம்பல் இலைகளில் ஒட்டியது.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவுடைத்தாய் யாருக்கும் சொல்லாமல் கூட்டை இறக்கினாள். திங்கட்கிழமை விடியலில் மூன்று ஆமைகள் இருந்தன. காடிகளை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்று நாற்பத்தேழு. மற்ற இரண்டையும் விட்டுவிட்டு, அதை ஒரு வாளியில் வைத்து ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு தென்காசி பஸ் ஏறினாள்.

கலெக்டர் அலுவலக வாசலில் மனு கொடுக்க வருபவர்களின் பைகளை மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பெண் போலீஸ் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னது இது?”

“ஆமை.”

“ஆமையா?” அவர் சிரித்துவிட்டார். மண்ணெண்ணெய் இல்லை என்பதால் உள்ளே விட்டார்.

அவள் முறை வந்தபோது, மேசைக்கு எதிரே தரையில் வாளியை வைத்து, ஆமையை எடுத்துப் புரட்டிப் பிடித்தாள். கூட்டத்தில் பலர் செல்போனைத் தூக்கினார்கள்.

“ஐயா, இது வயித்தப் பாருங்க. வாலப் பாருங்க. பாத்தா பொட்டை. உள்ள ஆணு. டாக்டரு கேமரா வச்சுப் பாத்தாரு. இது ரத்தத்துல முட்டைக்கு உள்ள சத்து ஓடுது. எங்க குளத்துல பாதி ஆணுக்கு இப்பிடித்தான் இருக்கு. தண்ணி நல்லாருக்குன்னு எனக்குத் தபால் வந்துருக்கு. நல்லாருக்க தண்ணியில இது எப்பிடி வந்துச்சு?”

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஆமையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முதல்ல இத எங்கருந்தும்மா புடிச்ச? இதப் புடிக்கக் கூடாதுன்னு தெரியாதா?”

“எம்பிள்ளைக்கு எட்டு வயசுல...” என்று தொடங்கியவள், அத்தனை போன்களையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.  ஆமையைத் திரும்ப வாளிக்குள் வைத்துவிட்டு நின்றாள்.

ஒரு மணி நேரத்தில் வனத்துறை ஜீப் வந்தது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைப் பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுசென்றதாக வழக்கு. வனக்காவலர் கைப்பற்றிய விவரத்தை அங்கேயே மகஜராக எழுதினார். ஆமையைப் புரட்டி, வயிற்றையும் வாலையும் பார்த்து, ‘காராமை ஒன்று, பெண்’ என்று எழுதினார். விளிம்புக் காடிகளை ‘ஓட்டின் ஓரத்தில் பழைய உடைசல்கள்’ என்று எழுதினார்.

“சார், அது ஆணு.”

“நான் ட்ரெயினிங் எடுத்தவன்மா. இது பொட்டை.”

வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். பலர் பயந்தார்கள். புதன்கிழமை வலை இழுத்தபோது மீன் வாங்கத் தென்காசியிலிருந்து ஒரு வியாபாரிகூட வரவில்லை. மூக்காண்டிக் குளத்து மீனைத் தின்றால் ஆம்பளைக்கு ஆகாது என்று பேச்சு பரவியிருந்தது. கெண்டை கூடையிலேயே நாறியது. அவளோடு பத்து வருஷம் மீன் பிரித்த பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏட்டி ஆவுடை, ஒம்பிள்ளைக்கு நீ ஊசி போடுத. எங்க பிள்ளைகளுக்குத் தட்டுல நாங்க என்னத்தப் போட?” என்று ஒருத்தி மட்டும் சொன்னாள். குத்தகைக்காரர், இனிமேல் கரையில் கால் வைக்கக் கூடாது என்று ஆள் அனுப்பினார்.

கைலாசம் கடற்கரையைக் கூப்பிடவில்லை, நேரில் வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“ஆவுடை, நான் ஒருத்தன் மட்டுமா ஊத்துதேன்? இத்தன லாட்ஜு கக்கூஸ் தண்ணி எங்க போகுதுன்னு யாராது கேக்காங்களா? நான் அந்த மருந்த நிறுத்துனா லாட்ஜுக்காரன் துணிய வேற ஆளுட்ட போடுவான். அவனும் அதத்தான் ஊத்துவான்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“தெரிஞ்சுமா செஞ்ச?”

“நீங்க மட்டும் ஊத்துதியன்னு நான் சொல்லலியே. தண்ணி நல்லாருக்குன்னு எழுதுனதத்தான் கேட்டேன்.”

அவர் தலையாட்டினார். கடற்கரையிடம், “வண்டிச் சாவிய மேனேஜர்ட்ட குடுத்துருப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார். கடற்கரை அவர் பின்னாலேயே தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.  நாலாம் நாள் வேலை தேடி ஆலங்குளம் போனான். காய்கறி மண்டி ஒன்றில் லாரிக்கு மாற்று டிரைவராகச் சேர்ந்து, பத்து நாளைக்கு ஒருமுறை வீடு வந்தான்.

முஹ்ஸினாவின் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். அவள் பெயரில் வழக்கு இல்லை, ஆனால் உதவியாளைக் கட்டுப்படுத்தத் தவறியதாக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கூடுகளையும் தராசையும் எடுத்துப்போக வந்த அன்று, இருவரும் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா.”

“கேட்டா வேண்டாம்னுருப்பிய.”

“ஆமா. வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்.” முஹ்ஸினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ஒரு வருசம் எடுத்திருந்தா யாரும் மறுக்க முடியாத மாதிரி இருந்திருக்கும்.”

“ஒரு வருசத்துல எம்பிள்ளைக்குப் பன்னெண்டு ஊசி, மேடம்.”

இருந்தாலும் முஹ்ஸினா கேமராப் படங்களை எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகம் போனாள். பிடிபட்டது ஆண்தான், காடிகள் உடைசல் அல்ல, தான் போட்ட எண் என்று எழுதிக் கொடுத்து, ஆமையை இன்னொருமுறை பரிசோதிக்கக் கேட்டாள். அங்கே சொன்ன பதில், ஆமை இல்லை என்பது. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருந்தார்கள். யாரோ இரண்டு நாள் வாழைப்பழம் போட்டார்கள். பதினோராம் நாள் செத்துக் கிடந்தது. விதிப்படி எரித்தாகிவிட்டது. பதிவேட்டில் ‘பெண் ஆமை இறப்பு’ என்று தேதியோடு எழுதியிருந்தது.

வழக்கு ஒரு வருஷம் இழுத்தது. நீதிமன்ற வாய்தாவும் அபர்ணாவின் ஊசித் தேதியும் இரண்டு முறை ஒரே நாளில் வந்தன. இரண்டு முறையும் ஆவுடைத்தாய் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினாள். இரண்டாம் முறை பிடிவாரண்ட் போடுவார்கள் என்று வக்கீல் பயமுறுத்தினார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். செய்த தவறை ஒப்புக்கொண்டு வனத்துறையிடம் எழுதிக் கொடுத்தால் இணக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

2024 ஆகஸ்டில் கடற்கரையும் அவளும் வனச்சரக அலுவலகத்துக்குப் போனார்கள். தட்டச்சு செய்த தாளை எழுத்தர் நீட்டினார். ‘பெண் காராமை ஒன்றைச் சட்டவிரோதமாகப் பிடித்து...’ என்று ஆரம்பித்தது. ஆவுடைத்தாய் இரண்டு முறை படித்தாள்.

“இதுல பெண்ணுன்னு இருக்கதை மட்டும் மாத்தித் தாங்க. மத்ததெல்லாம் நான் ஒத்துக்கிடுதேன்.”

“மகஜர்ல என்ன இருக்கோ அதத்தாம்மா போட முடியும். ஆணா இருந்தா என்ன, பெண்ணா இருந்தா என்ன? குத்தம் ஒண்ணுதான்.”

“எனக்கு அது ஒண்ணுதான் சார் வேணும்.”

“போடுட்டி,” என்றான் கடற்கரை மெதுவாக. “எனக்காவப் போடு. என்னால முடியல.”

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அதற்குக் கீழே, தன் நோட்டில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில், ‘இது ஆண் ஆமை. எண் 47’ என்று எழுதினாள். எழுத்தர் தாளை வாங்கிப் பார்த்து, ரேஞ்சரிடம் காட்டினார். ரேஞ்சர் ஒன்றும் திட்டவில்லை. அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, இன்னொரு நகல் எடுக்கச் சொன்னார். பிரிண்டர் சூடாகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டாம் தாளில் அவள் வெறும் கையெழுத்து மட்டும் போட்டாள்.  

மீன் வியாபாரம் அதற்கு முன்பே பழைய நிலைக்கு வந்துவிட்டது. வியாபாரிகள் குளத்தின் பெயரைச் சொல்லாமல் விற்றார்கள். ஆவுடைத்தாய்க்குக் கரையில் இடம் இல்லை. ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். எண்ணெய் ஊறிய விரிப்புகளை உருவி மூட்டை கட்டி வாசலில் வைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. எடுத்துப்போக வேறொரு டிரைவர் வருவான்.

2025 தொடக்கத்தில் முஹ்ஸினாவின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். குளத்தின் பெயர் இல்லை, ‘இடம் இரண்டு’ என்று மட்டும். மீனவர்களுக்குத் தொல்லை வரக் கூடாதே என்று அப்படிப் போட்டதாகச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் ஆவுடைத்தாயின் பெயர் இருந்தது. முஹ்ஸினா அதை விரல் வைத்துக் காட்டினாள். அவளுக்குக் கேரளத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. அங்கே தவளையைப் பற்றி ஆராய்ச்சி.

“இத வாசிக்கவங்க ஏதாது செய்வாங்களா?”

“வாசிக்கவங்க இன்னொரு கட்டுரை எழுதுவாங்க,” என்றாள் முஹ்ஸினா. பிறகு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தவள்போல, அபர்ணாவின் உயரத்தைக் கேட்டாள். ஊசி வேலை செய்தது. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தாள். பத்து வயதில் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நிற்கும்போது வித்தியாசம் தெரியவில்லை. ஊசி போட்ட இடம் மட்டும் கல்போலக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வலிக்கும். அந்த நாட்களில் அவள் யாரோடும் பேச மாட்டாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்து மார்கழியில் ஒருநாள், லாட்ஜில் விடுமுறை. குத்தகைக்காரர் ஊரில் இல்லை என்று தெரிந்து ஆவுடைத்தாய் குளத்துக்குப் போனாள். வெயில் நன்றாக அடித்தது. மதகுப் பக்கம் கல்லிலும் சாய்ந்து கிடந்த கருவேலங்கிளையிலும் ஆமைகள் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணினாள், இருபத்தாறு. எல்லாம் பெரியவை, பலவற்றில் அவள் போட்ட காடிகள். முன்பெல்லாம் இந்த மாதத்தில் ஓரத்துப் புல்லுக்குள் காலை வைத்தால் உள்ளங்கை அளவுக் குட்டிகள் நாலைந்தாவது தண்ணீருக்குள் ஓடும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பவும் பார்த்தாள். ஒரு குட்டிகூட இல்லை. இந்த வருஷத்தில் பிறந்தது இல்லை, போன வருஷத்தில் பிறந்ததும் இல்லை.

கரைச் சாலையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் ஆமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்கு வந்தவர்கள்.

“எவ்வளவு ஆமை பாரு!” என்று அந்த அம்மா தன் மகளுக்குக் காட்டினாள். ஆவுடைத்தாயைப் பார்த்து, “இங்க எப்பவும் இவ்வளவு இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்கும்,” என்றாள் ஆவுடைத்தாய். “இன்னும் இருவது முப்பது வருசத்துக்கு இதுக இருக்கும்.”

அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குளத்தில் கழுவாமல், கரையிறங்கி வந்து அடிபம்பில் கழுவினாள்.